புரட்டாசி முடிந்து திறந்த பாட்டில்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஓய்வு பெற்றால் குறைந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். குறையவில்லை. இத்தனை வருடம் விருந்தாளிகள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது எல்லாம் சேர்ந்து இப்போது வெளியே வருகிறது. பெங்களூரு ஹோட்டல்களில் ஒயின் வாங்குவது, வைப்பது, பரிமாறுவது என்றே என் காலம் போனது. இப்போது காரிமங்கலத்தில் இருக்கிறேன். ஊரில் கேட்டால் "ஒயின் ஷாப்புல இருந்தாரே, அவரா" என்பார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள். "சார், எங்க ஹோட்டல் ஒயின் லிஸ்ட், எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க." படத்தைப் பார்த்து எதைச் சொல்வது? எழுத்து அழகாக இருக்கிறது, அட்டை பளபளப்பாக இருக்கிறது என்று சொல்லவா? லிஸ்ட் என்பது ஒரு வாக்குறுதி. இந்தப் பாட்டிலைக் கேட்டால் இந்தச் சுவை வரும் என்று கடைக்காரர் கொடுக்கும் வாக்கு. அதைக் காப்பாற்றுகிறாரா என்று கடைக்குள் போய்ப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? இதைச் சொன்னால் உங்களுக்குக் கிழவனின் புலம்பலாகத் தெரிகிறது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை, சூடு இன்னும் ஆறவும் இல்லை.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் ஒரு ஹோட்டல். மேலே அறைகள், கீழே ஸ்டேக் ஹவுஸ். பெரிய கறித்துண்டை நெருப்பில் சுட்டு, கத்தியும் முள்கரண்டியுமாக வைப்பார்கள், கூடவே ஒயின். நம் ஊர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. பெங்களூரிலிருந்து சேலம், கோவை போகிறவர்கள் வருவார்கள். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் வாரம் தவறாமல் வருவார்கள். உண்மையில் அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான் ஹோட்டலே ஓடியது.

முதலாளி நாற்பதைத் தொடாதவர். மாந்தோப்பு, மாங்கூழ் தொழிற்சாலை என்று குடும்பத்தில் வசதி. அவர் மாட்டுக்கறி தொடமாட்டார், ஒரு சொட்டு குடிக்கவும் மாட்டார். அதில் எந்தக் குறையும் இல்லை. தான் சாப்பிடாததை விற்கலாம். ஆனால் அப்படி விற்பவர், சாப்பிட்டவன் வந்து சொல்லும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். இவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தோல் அட்டை போட்ட லிஸ்ட்டை மேஜையில் வைத்தார்.

"பாருங்கண்ணா. பெங்களூர்ல இருந்து ஆளக் கூட்டியாந்து போட்டது. நல்லா இருக்குதுன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. ஓசூர் கம்பெனில கேக்கறாங்க."

படித்தேன். மோசமில்லை. எல்லாமே கனமான சிவப்பு ஒயின்களாக இருந்தன. மிளகு தூக்கலாகப் போட்ட கறிக்கு இதமாக ஒன்றுகூட இல்லை. எந்த வருடத்துத் திராட்சை என்று போடவில்லை. தனியாக வருகிறவனுக்கு ஒரு கிளாஸ் கிடைக்காது, முழு பாட்டில்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் அப்பறம் மாத்திக்கலாங்கண்ணா. லிஸ்ட் நல்லா இருக்குது, தப்பு சர்வர் பேர்லதான்னு எழுதுங்க. அது போதும்."

எந்த சர்வர், என்ன தப்பு என்று கேட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

முந்தின வாரம் ஓசூரிலிருந்து இன்ஜினீயர்கள் ஒரு கூட்டமாக வந்திருக்கிறார்கள். கேட்ட பாட்டில்களைத் திறந்து ஊற்றியது ஒரு பெண். பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். அரூர்ப் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு ஊர். கேட்டரிங் டிப்ளமோ படித்தவள். இன்ஜினீயர்களில் பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேறொன்று திறந்தாள். அதற்கும் அதே முகம். மூன்றாவதும் அப்படியே. அவர்கள் சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து, வெளி ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் இனி எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்று தகவல் வந்தது.

முதலாளி அதே ஒயினில் திறக்காமல் மீதியிருந்த ஒன்றிரண்டு பாட்டில்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். கார்க் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. கழுத்தில் சுற்றிய தகட்டுக்கு அடியில் பிசுபிசுப்பு. ஒயினின் மட்டமும் இறங்கியிருந்தது. அவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

"தொறந்து குடிச்சுட்டு தண்ணி ஊத்தி மூடி வெச்சிருக்குதுண்ணா. ஸ்டோர் சாவி அதுகிட்டதான் இருக்குது. உங்க பேப்பர் வந்தா போலீஸ்ல குடுத்துருவேன்."

"அந்தப் பொண்ண கேட்டீங்களா?"

"அதுகிட்ட என்னங்க கேக்கறது? அன்னிக்கே அவங்கப்பனுக்கு போன் போட்டு, உம் பொண்ணு இங்க பாட்டில தொறந்து குடிக்குதுன்னு சொல்லிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னேன் என்பதுபோலச் சொன்னார். எனக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. சித்தேரி அடிவாரத்திலிருந்து ஒரு பெண் நட்சத்திர ஹோட்டலில், அதுவும் மது பரிமாறும் இடத்தில் வேலைக்கு வருவது என்றால் அதற்கு முன்னால் அந்த வீட்டில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போன் போட்டிருக்கிறார்.

பவித்ராவைக் கூப்பிடச் சொன்னேன். ஒரு வாரமாக அவளுக்குக் கரண்டி துடைக்கிற வேலை மட்டும்தான். ஈரத் துணியோடு வந்து நின்றாள். அழவில்லை. முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"என்னம்மா ஆச்சு அன்னிக்கு?"

"வாசன சரியில்லீங்க சார். அவரு மொகத்தப் பாத்தே தெரிஞ்சுது. கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டேன்."

"நீ குடிச்சுப் பாத்தியா?"

"நான் வாய்ல வெச்சதே இல்லீங்க சார். மோந்து பாக்கத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க."

"வூட்டுல என்ன சொல்றாங்க?"

"எங்கப்பா ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கெழம துணிமணியோட வந்துருன்னாரு. வேலைக்குப் போனது போதும்னுட்டாரு."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவள் பையோடு ஊருக்குப் போனால், குடித்ததால் விரட்டப்பட்டவள் என்ற பெயரோடு போவாள். அதற்குப் பிறகு எந்தப் பேப்பர் வந்து எதை மாற்றும்?

ஒயின் வைத்திருக்கும் அறையைக் காட்டச் சொன்னேன். அறை நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, மேற்கே முழுக்கக் கண்ணாடி. போகிற வருகிற கார்க்காரர்கள் பாட்டில்களைப் பார்க்க வேண்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நல்ல குளிர். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டிலை எடுத்தேன். தகட்டுக்குக் கீழே கார்க் முட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும். அலமாரி முழுக்க அதே கதை. ஒன்றைத் திறந்து ஊற்றினேன். அடுப்பில் கொதிக்கவிட்ட நாவல்பழச் சாறு மாதிரி ஒரு வாசனை. வாயில் வைத்ததும் துப்பினேன்.

"இத்தன பாட்டிலையும் அந்தப் பொண்ணா குடிச்சுச்சு?"

"யாருக்குத் தெரியும்ணா. அது ரொம்ப நாளா இங்கதான் வேல பாக்குது."

மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒயின் கம்பெனி ஒட்டிய டேப் பிரிக்காமல் ஒன்று அடியில் இருந்தது. அவர் கையாலேயே பிரிக்கச் சொன்னேன். பிரித்தார். உள்ளேயும் கார்க் எல்லாம் மேலே தூக்கியிருந்தது. ஒன்றைத் திறந்தேன், அதே நாவல்பழம். முதலாளி கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப சப்ளை பண்ணவன் ஏமாத்திட்டான். அப்படியே எழுதிருங்கண்ணா. பொண்ணும் தப்பிச்சுக்கும்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் சொல்ல வந்ததே இதைத்தான். எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். அந்தப் பெண் காப்பாற்றப்படுவாள், முதலாளி சந்தோஷப்படுவார், எனக்குச் சாப்பாடு போட்டுக் காரில் அனுப்புவார். நம் தொழிலில் தவறான முடிவு எப்போதும் கெட்ட முகத்தோடு வராது. இப்படித்தான் நல்லது செய்கிற மாதிரி வந்து பக்கத்தில் நிற்கும். ஆனால் சப்ளை செய்கிறவனும் ஒரு மனிதன்தானே. அவனுக்கும் மேலே ஒரு மேனேஜர் இருப்பார். அங்கேயும் ஒருவர் யாரையோ கூப்பிட்டு நிற்க வைத்து, வீட்டுக்குப் போன் போடுவார். ஒருத்தி தலையிலிருந்து இறக்கிய பழியை இன்னொருவன் தலையில் கட்டுவதற்கு நான் எதற்கு?

சமீபத்தில் வந்த பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அதே கம்பெனி, அதே ஒயின், போன வாரம் இறங்கியது. திறந்தேன். கார்க் சமமாக இருந்தது. ஒயின் அருமையாக இருந்தது. ஆக, கம்பெனி நல்லதைத்தான் அனுப்பியிருக்கிறது, இந்த அறைக்குள் வந்த பிறகுதான் கெட்டிருக்கிறது. சூடு பட்டால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரத்தில் கசியும், மட்டம் இறங்கும். இது முதல் வருடப் பாடம். ஆனால் ஏசி ஓடுகிறதே, சூடு எங்கிருந்து வந்தது?

அந்த நேரத்தில் நான் படித்த எந்தப் புத்தகமும் உதவவில்லை. அதையெல்லாம் எழுதியவர்கள் நம் ஊர்க் காலண்டரைப் பார்த்ததில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்து பத்துப் பதினைந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. எனக்குச் சட்டென்று உறைத்தது.

"புரட்டாசில கறி சுடற கிரில் ஓடுச்சுங்களா?"

"எங்கண்ணா ஓடறது. சமையல்காரங்களே கறியத் தொடமாட்டேன்னுட்டாங்க. எங்கூட்டுலயும் பெருமாளுக்குப் படைச்சு தளுவ போடற மாசம். ரூம் மட்டும் ஓடுச்சு, கீழ சைவந்தான்."

"இந்த ரூம்?"

"சாத்தி வெச்சிருந்தோம்."

"ஏசி?"

"கறியும் இல்ல, ஒயினும் இல்ல, சும்மா எதுக்கு ஓடணும்? மாசம் பூரா ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன். இவங்க யாருக்கும் அந்த ரோசனையே வரல, நாந்தான் சொன்னேன்."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. புரட்டாசி வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே கண்ணாடி, கதவு சாத்திய அறை, ஒரு மாதம். ஒயின் அவிந்தே போயிருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் ஏசியைப் போட்டு, ஒன்றும் நடக்காததுபோல லிஸ்ட்டைத் திரும்ப மேஜையில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒரு கடையின் ஒயின் லிஸ்ட்டை மதிப்பிடப் போனால் அந்த வீட்டின் விரதங்களையும் விசாரியுங்கள். எப்போது கடை மூடுகிறார்கள், மூடும்போது எந்த சுவிட்சை அணைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நான் கத்திவிட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. விரதம் இருந்ததற்காகக் கத்தவில்லை, ஏசியை நிறுத்தியதற்காகக்கூடக் கத்தவில்லை. தெரியாமல் செய்வது மனித சுபாவம். கேட்காமல் ஒரு பெண்ணின் பேரைக் கெடுத்தாரே, அதற்குத்தான் கத்தினேன். கிரில்லில் இருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி பவித்ராவைக் கூப்பிட்டார். அவளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

"சரி, வுடு. இனிமே நீ சூப்பர்வைசரா பாத்துக்க."

அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அதெல்லாம் வேணாங்க சார். எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்."

"இப்பவே சொல்லுங்க சார்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வழியில்லாமல் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஏசி, பாட்டில், வெயில் என்று என்னவோ சொல்லி, உங்க பொண்ணு மேல தப்பில்ல என்று முடித்தார். 

"கேட்டுக்கிட்டேங்க" என்றார் அவள் அப்பா. "அன்னிக்கு நீங்க பேசறப்ப நான் பால் சொசைட்டில நின்னுட்டிருந்தேன். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். நின்னவங்க எல்லாருந்தான் கேட்டாங்க. இப்ப நான் காட்டுல தனியா நிக்கறேன். இங்க சொல்லி என்னங்க பிரயோசனம்? சொசைட்டிக்கு வந்து சொல்லுங்க."

முதலாளி போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு சர்வருக்காக நான் அந்த ஊருக்குப் போயி நிக்கணுமாண்ணா?"

எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. போன் போடும்போது அவள் சர்வராகத் தெரியவில்லை, திருடியாகத் தெரிந்தாள். திருத்தும்போது மட்டும் வெறும் சர்வர். ஆனால் கத்தி என்ன பயன் என்று குரலை அடக்கிக்கொண்டு சொன்னேன். "உங்களுக்கு ஓசூர்ல காட்டறதுக்கு என் பேப்பர் வேணும். வண்டிய எடுங்க. போயிட்டு வந்து எழுதறேன். நடந்தத நடந்த மாதிரிதான் எழுதுவேன். கெட்டத எல்லாம் கீழ கொட்டிட்டாங்க, இனி ஏசி நிக்காதுன்னும் சேத்து எழுதுவேன். அவங்க திரும்பி வருவாங்க. வரலைன்னா இந்த பாட்டில் அத்தனையும் நீங்கதான் குடிக்கணும்."

கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், பவித்ரா பின்னால்.  அரூர் தாண்டும்போது அவர், "கூட்டத்துல எப்படிங்கண்ணா சொல்றது" என்றார். போனில் சொன்ன மாதிரியே சொல்லுங்கள், அன்றைக்குச் சொல்ல வராமலா இருந்தது என்றேன். பவித்ரா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொசைட்டி என்பது சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கட்டடம். சாயங்காலப் பால் வந்துகொண்டிருந்தது. கேனும் தூக்குமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்கள் காரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பவித்ரா இறங்கியதும் ஒரு அம்மாள் இன்னொருத்தியின் முழங்கையை இடித்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் அப்பா ஒல்லியான மனிதர். தலையில் துண்டு கட்டியிருந்தார். மகளைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். முதலாளிக்கு வணக்கம் சொன்னார்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சுங்க. தெரியாம..."

"யாருங்க பண்ணது?" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. காது மந்தமானவர்கள் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் மலையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க" என்றார். "ஏசிய நாந்தான் நிறுத்தச் சொன்னேன். அதுல சரக்கு கெட்டுப்போச்சு. உங்க பொண்ணு எதையும் தொறக்கல, குடிக்கல. நாந்தான் விசாரிக்காம போன்ல அப்படிச் சொல்லிட்டேன்."

பால் அளந்துகொண்டிருந்தவர் அளவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கையை இடித்த அம்மாள் தரையைப் பார்த்தாள். பவித்ரா அப்போதுதான் முதல்முறையாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கார்ச் சாவியை எடுத்தார்.

"இருங்க" என்றார் அப்பா. வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அன்னிக்கு இருந்தவங்கள்ல மேலத்தெரு ஆளுங்க இன்னும் பால் கொண்டாரல. வர்ற நேரந்தான். உக்காருங்க, டீ சொல்றேன். அவங்க வந்ததும் இன்னொரு தடவ சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.